டார்ஃபூர் மொழிகளின் வரலாறு – 6
மஸாலித்: எல்லைக்கோடு பிரித்த மொழி

சூடானின் மேற்கு ஓரத்தில் டார்ஃபூர் மாநிலங்கள் முடிந்து சாட் நாடு தொடங்கும் இடத்தில் பேசப்படும் மொழி மஸாலித். சூடான் பக்கத்தில் எல் ஜெனீனா நகரமும் அதைச் சூழ்ந்த மேற்கு டார்ஃபூர் மாநிலமும் இதன் தாயகம். எல்லைக்கு அப்பால் சாட்டில் அத்ரே நகரைச் சுற்றியும், வடாய், சிலா வட்டாரங்களின் கிராமங்களிலும் இதே மொழி ஒலிக்கிறது. டார்ஃபூரின் தெற்கில், நியாலாவுக்குத் தெற்கே கிரெய்தா ஊரைச் சுற்றி மஸாலித் குடியிருப்புகள் உண்டு. இரு நாடுகளிலுமாகப் பேசுவோர் பல இலட்சம் பேர்.

இம்மக்கள் தம்மை மஸாரா அல்லது மஸாலா என்று அழைத்துக்கொள்கின்றனர். ஒரு வடிவத்தில் ரகரமும் மற்றதில் லகரமும் வருவது வட்டார வழக்குகளின் வேறுபாடு. அரபு மொழியினர் லகர வடிவத்தை எடுத்துக்கொண்டு மஸாலித் என்று அழைத்தனர். அந்தப் பெயரே வெளியுலகில் நிலைத்தது.

கம்பும் சோளமும் பயிரிடும் வேளாண் மக்கள் இவர்கள். ஆண்டில் சில மாதங்களே நீரோடும் வாதிகளின் கரைகளில் இவர்களின் வயல்களும் தோட்டங்களும் அமைந்தன. எல் ஜெனீனாவின் ஊடே ஓடும் வாதி காஜாவும், தெற்கே செல்லும் வாதி அஸூமும் அவற்றில் முக்கியமானவை. ஆடுமாடு வளர்ப்பு துணைத்தொழில். சமயம் இஸ்லாம். தொழுகையும் குர்ஆன் கல்வியும் அரபியில் நடக்க, வீடும் வயலும் ஊர்க்கூட்டமும் மஸாலித்தில் நடந்தன. சந்தையில் ஒட்டகம் மேய்க்கும் அரபு இனத்தாரோடும் பிற ஊராரோடும் பேசப் பெரும்பாலான மஸாலித் மக்களுக்கு டார்ஃபூர் அரபு தெரியும். இரு மொழிகளும் இப்படித் தமக்குரிய இடங்களைப் பிரித்துக்கொண்டு நீண்ட காலம் வாழ்ந்தன.

குடும்பமும் உறவும்

மஸாலித் மபான் என்ற சிறிய மொழிக்குழுவைச் சேர்ந்தது. சாட்டின் அபெஷே நகரைச் சுற்றிப் பேசப்படும் மபா மொழியே இக்குழுவுக்குப் பெயர் கொடுத்தது. மர்ஃபா, கரங்கா, கிபெத், ருங்கா முதலியவை இதன் மற்ற உறுப்புகள். 1963இல் ஜோசஃப் கிரீன்பெர்க் ஆப்பிரிக்க மொழிகளை நான்கு பெருங்குடும்பங்களாக வகுத்தபோது, நைல்-சஹாரா குடும்பத்தின் ஆறு கிளைகளில் ஒன்றாக மபானை வைத்தார். சொங்காய், சஹாரக் கிளை, ஃபூர், சாரி-நைல், கோமன் ஆகியவை மற்ற ஐந்து. நைல்-சஹாரா என்பது உண்மையிலேயே ஒரே மூதாதையிலிருந்து வந்த குடும்பம்தானா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மபான் மொழிகள் தமக்குள் உறவுடையவை என்பதிலோ ஐயம் இல்லை.

அந்த உறவு எண்ணுப்பெயர்களில் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு என்பதற்கு மஸாலித்தில் ‘ம்பரா’, மபாவில் ‘ம்பர்’. நான்கு என்பதற்கு மஸாலித்தில் ‘ஆஸ்’, மபாவில் ‘அஸல்’. அண்டையில் இருக்கும் ஃபூர், ஸகாவா, தாமா, தாஜு ஆகியவை முற்றிலும் வேறு கிளைகளைச் சேர்ந்தவை. ஒரு நாள் நடையில் நான்கு தொலைதூரக் கிளைகளின் மொழிகளைக் கேட்கக்கூடிய நிலம் அது. அங்கே மஸாலித் மேற்கிலுள்ள வடாய் மொழிகளின் உறவாக இருந்தும், அரசியலில் பெரும்பாலும் கிழக்கிலுள்ள டார்ஃபூரோடு பிணைக்கப்பட்டது. இந்த இருபக்க இழுப்பே அதன் வரலாற்றை வடிவமைத்தது.

ஒலி அமைப்பு

மஸாலித் மெய்யொலிகளில் முதலில் கவனத்துக்கு வருபவை மூக்கொலிகள். உதட்டில் பிறக்கும் ‘ம்’, பல்லீற்றில் பிறக்கும் ‘ன்’, அண்ணத்தில் பிறக்கும் ‘ஞ்’, தொண்டைப்பக்கம் பிறக்கும் ‘ங்’ என நான்கும் தனித்தனி ஒலியன்கள். தமிழில் ‘ங்’ பெரும்பாலும் ககரத்துக்கு முன் மட்டுமே வரும். மஸாலித்தில் அது தன் காலில் நிற்கும். மூன்று என்பதற்கான ‘காங்’ என்ற சொல் அந்த ஒலியிலேயே முடிகிறது. அதன் பின் ககரம் எதுவும் ஒலிப்பதில்லை.

வெடிப்பொலிகளில் குரலுள்ளவையும் குரலற்றவையும் பொருள் வேறுபடுத்துகின்றன. தமிழில் ஒரே தகரம் சொல்லின் முதலில் ஒருவிதமாகவும் நடுவில் வேறுவிதமாகவும் ஒலிப்பது இடத்தைப் பொறுத்தது. அந்த வேறுபாட்டால் பொருள் மாறுவதில்லை. மஸாலித்தில் ‘த’ வேறு, அதன் குரலுள்ள இணை வேறு. ககரத்துக்கும் அப்படியே. இவற்றோடு ‘ஸ’ முதலான உரசொலிகளும், லகர ரகரங்களும், யகர வகரங்களும் சேர்ந்து மெய்வரிசையை நிரப்புகின்றன.

மூக்கொலியும் அதே இடத்தில் பிறக்கும் வெடிப்பொலியும் இணைந்து வருவது இம்மொழியின் சிறப்பான கூறு. ‘ம்ப’, ‘ந்த’, ‘ங்க’ போன்ற இணைகள் தமிழுக்கும் பழக்கமானவை. ஆனால் தம்பி, பந்து, தங்கம் எனச் சொல்லின் நடுவில்தான் நாம் அவற்றைக் கேட்கிறோம். மஸாலித்தில் அவை சொல்லின் முதலிலும் வரும். முன்பு கண்ட ‘ம்பரா’ அதற்குச் சான்று. வரலாற்றில் இடம்பெற்ற பெயர்களிலும் இந்த இணைகள் ஒலிக்கின்றன. ஒரு சுல்தானின் பெயர் அந்தோகா. புகழ்பெற்ற போர் நடந்த ஊர் கிரிந்திங்கி.

உயிர்கள் ஆ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து நிலைகளைச் சுற்றி அமைந்தவை. அரபியின் அடித்தொண்டை ஒலிகளும், நாவின் பின்பகுதியை அழுத்தி உச்சரிக்கும் கனத்த மெய்களும் மஸாலித்தின் சொந்த ஒலிகள் அல்ல. சமயம், கல்வி, ஆட்சி, வணிகம் வழியாக வந்த ஏராளமான அரபுச் சொற்கள் மஸாலித் நாவுக்கு ஏற்ப எளிமையாயின. அபூ பக்ர் என்ற பெயர் அப்பக்கர் எனப் பரவலாக வழங்குவது இந்த வட்டாரம் முழுவதும் காணப்படும் எளிமையாக்கத்துக்கு உதாரணம். அரபுக் கல்வி பெற்றவர்கள் பேசும்போது சில அரபு ஒலிகள் அப்படியே தங்குவதும் உண்டு.

வாக்கிய அமைப்பில் எழுவாய் முதலிலும், செயப்படுபொருள் அடுத்தும், வினை இறுதியிலும் வரும். இது மபான் மொழிகளின் பொதுப்பண்பு. தமிழர்க்கும் இயல்பான வரிசை. வினைச்சொல்லின் உள்ளமைப்போ தமிழிலிருந்து வேறுபட்டது. செய்பவர் யார் என்பதைத் தமிழ் வினையின் கடைசியில் காட்டுகிறது: வந்தேன், வந்தாய். மஸாலித் அதை வினையின் முன்னால் ஒட்டிக் காட்டுகிறது. பெயர்ச்சொற்களின் பன்மை பின்னொட்டால் அமைகிறது.

ஏட்டில் ஏறிய வரலாறு

மஸாலித் நெடுங்காலம் எழுதப்படாத மொழி. சுல்தான்களின் கடிதங்களும் நில ஆவணங்களும் அரபியில் எழுதப்பட்டன. ஐரோப்பியப் பயணிகளில் ஜெர்மானியரான குஸ்டாவ் நாக்டிகால் 1874இல் வடாயிலிருந்து டார்ஃபூருக்கு மஸாலித் நாட்டின் வழியே சென்றார். அவருடைய பயண நூல் அந்த எல்லை நிலத்தைப் பற்றிய முக்கியமான பழைய பதிவுகளில் ஒன்று. 1956இல் டக்கரும் பிரையனும் வடகிழக்கு ஆப்பிரிக்காவின் பாண்டு அல்லாத மொழிகளைத் தொகுத்த பெருநூலில் மபா குழுவுக்கும் இடம் கொடுத்தனர்.

மஸாலித்துக்கென விரிவான இலக்கணம் 1989இல்தான் வந்தது. அதை எழுதியவர் ஜான் எட்கர். டார்ஃபூர், வடாய் மொழிகள் பிறவற்றைப் பற்றிய குறிப்புகளும் சேர்ந்து அந்நூல் பெர்லினில் வெளியானது. அடுத்த ஆண்டு மஸாலித் கதைகளை அவர் பதிப்பித்தார். 1991இல் மபான் மொழிகளின் மூதாதை மொழியை மீட்டெடுக்கும் முதல் முயற்சியாக ஒரு கட்டுரை எழுதினார். மஸாலித்தின் இலக்கணம் குறித்து இன்று உலகில் பேசப்படுவதில் பெரும்பகுதி இந்தச் சில ஆண்டு உழைப்பின் மேல் நிற்கிறது. பின்னர் லத்தீன் எழுத்தை அடிப்படையாகக் கொண்ட எழுத்துமுறையும் உருவானது. ஆனால் எழுத்தறிவு பெற்ற மஸாலித் மக்களில் மிகப் பெரும்பாலோர் கற்றது அரபியிலோ பிரெஞ்சிலோதான்.

சுல்தானகத்தின் பிறப்பு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை மஸாலித் மக்களுக்குத் தனி அரசு இல்லை. கிழக்கே ஃபூர் மக்களின் கெய்ரா வம்சம் ஆண்ட டார்ஃபூர் சுல்தானகம். மேற்கே வடாய் சுல்தானகம். இவ்விரு பேரரசுகளுக்கு நடுவே பல தலைவர்களின் கீழ் சிறு சிறு பகுதிகளாக மஸாலித் ஊர்கள் இருந்தன. 1874இல் ஸுபைர் பாஷாவின் படை டார்ஃபூரைத் தோற்கடித்து எகிப்திய ஆட்சியின் கீழ் கொண்டுவந்ததும் பழைய கட்டு தளர்ந்தது. ஹஜ்ஜாம் ஹஸபல்லா என்பவர் மஸாலித் மக்கள் அனைவர்மீதும் அதிகாரம் செலுத்த முயன்றார். அவருடைய கடுமையை மக்கள் பொறுக்கவில்லை, அவர் அகற்றப்பட்டார்.

அவர் இடத்துக்கு வந்தவர் இஸ்மாயில். அவர் போர்த்தலைவர் அல்லர்; சமய ஆசிரியர். அக்காலத்தில் சூடானில் எழுந்த மஹ்தி இயக்கத்தின் ஆதரவாளர். மஹ்தியின் அங்கீகாரம் பெற்று 1884இல் அவர் நிறுவிய அரசே தார் மஸாலித், அதாவது மஸாலித் நாடு. சிதறிய குலங்களை ஒரே ஆட்சியின் கீழ் சேர்க்கச் சமயமும் பொது மொழியும் துணை நின்றன. 1888இல் மஹ்தியின் வாரிசான கலீஃபாவால் ஓம்துர்மானுக்கு அழைக்கப்பட்ட இஸ்மாயில் அங்கேயே இறந்தார்.

மகன் அப்பக்கர் ஆட்சிக்கு வந்தார். 1888, 1889ஆம் ஆண்டுகளில் மேற்கு எல்லை மக்கள் மஹ்தி அரசுக்கு எதிராகத் திரண்ட அபூ ஜும்மைஸா கிளர்ச்சியில் மஸாலித் மக்களும் பங்கேற்றனர். அதன் பிறகு ஆபத்து டார்ஃபூரிலிருந்து வந்தது. மஹ்தி அரசு வீழ்ந்ததும் அலி தீனார் ஃபூர் சுல்தானகத்தை மீட்டார். தார் மஸாலித் தம் பழைய மாநிலம் என்பது அவர் நிலைப்பாடு. 1905இல் அவர் படை அப்பக்கரைச் சிறைபிடித்தது. பின்னர் அப்பக்கர் கொல்லப்பட்டார். சகோதரர் தாஜுத்தீன் போரைத் தொடர்ந்து நாட்டைக் காத்தார்.

1910: இரண்டு போர்கள்

1909இல் பிரெஞ்சுப் படை வடாயின் தலைநகர் அபெஷேயைக் கைப்பற்றியதும் தார் மஸாலித் நேரடியாக ஐரோப்பிய வல்லரசின் முன் நின்றது. 1910 ஜனவரி 4 அன்று கேப்டன் ஃபீகன்ஷூ தலைமையில் வந்த பிரெஞ்சுப் பிரிவை மஸாலித் படை கிரிந்திங்கி அருகே வாதி காஜாவில் மடக்கி அழித்தது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று தொரோத்தியில் மீண்டும் பெரும் போர் நடந்தது. சாட் பகுதியின் பிரெஞ்சுத் தளபதி கர்னல் மோலும் சுல்தான் தாஜுத்தீனும் அதே களத்தில் மாண்டனர்.

ஒரு சிறிய எல்லை அரசு ஒரே ஆண்டில் இரு முறை பிரெஞ்சுப் படையைக் குலைத்தது அக்கால ஆப்பிரிக்க வரலாற்றில் அரிய நிகழ்வு. ஆனால் அதற்குத் தந்த விலை அதிகம். ஆளும் சுல்தானையும் படைவீரர் பலரையும் இழந்த நாடு நெடுநாள் போரிடும் நிலையில் இல்லை. அடுத்து வந்த சுல்தான் முகம்மது பஹ்ருத்தீன். அந்தோகா என்ற பெயராலும் அறியப்பட்ட அவர் 1912இல் பிரெஞ்சுக்காரர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார். அத்ரே உள்ளிட்ட மேற்குப் பகுதி பிரெஞ்சு வசம் போனது. மஸாலித் பேசும் நிலம் பிளந்தது அப்போதுதான்.

1916இல் பிரிட்டிஷார் அலி தீனாரைத் தோற்கடித்து டார்ஃபூரைச் சூடானோடு இணைத்தனர். 1919ஆம் ஆண்டின் ஆங்கிலோ-பிரெஞ்சு ஒப்பந்தம் மீதமிருந்த தார் மஸாலித்தைப் பிரிட்டிஷ் பக்கத்தில் சேர்த்தது. 1924இல் கையெழுத்தான எல்லை நெறிமுறை கோட்டை முடிவாக்கியது. இன்றைய சாட்-சூடான் எல்லையின் இப்பகுதி அந்தக் கோடுதான். ஒரே மொழி பேசிய ஊர்களில் சிலவற்றின் பிள்ளைகள் பிரெஞ்சு ஆட்சியிலும், சிலவற்றின் பிள்ளைகள் பிரிட்டிஷ் ஆட்சியிலும் வளர்ந்தனர். இரு பக்கத்திலும் பள்ளிக்கூடத்தில் மஸாலித் இல்லை.

ஆயினும் பிரிட்டிஷார் சுல்தானை நீக்கவில்லை. அவர் வழியே ஆளும் மறைமுக ஆட்சியை எல் ஜெனீனாவில் நடத்தினர். 1951 வரை பஹ்ருத்தீனும், அவருக்குப் பின் 2000 வரை மகன் அப்துர் ரஹ்மானும் சுல்தானாக இருந்தனர். ஊர்த்தலைவர், வட்டாரத்தலைவர், சுல்தான் என்ற படிநிலை காலனிக் காலத்திலும் சுதந்திரச் சூடானிலும் தொடர்ந்தது. நிலம் பங்கிடப்பட்டதும் வழக்குகள் தீர்க்கப்பட்டதும் அந்தப் படிநிலையின் வழியே. ஊர் மட்டத்தில் அவையெல்லாம் மஸாலித்தில் நடந்ததால் மொழிக்கு ஒரு பொது அரங்கு இருந்தது. சுல்தானகத்தின் வரலாற்றை 1870 முதல் 1930 வரை ஆராய்ந்த லிட்வீன் காப்டைன்ஸின் நூல் 1985இல் வெளியானது. மஸாலித் முதியோரின் வாய்மொழி நினைவுகளும் அதற்குச் சான்றாயின.

நிலம் நழுவியபோது

1956இல் சூடானும் 1960இல் சாட்டும் விடுதலை பெற்றன. 1950 முதல் 1970கள் வரை வேலை தேடி மஸாலித் குடும்பங்கள் பல கிழக்குச் சூடானின் கதாரிஃப் வட்டாரத்துக்குச் சென்று குடியேறின. அங்கே வளர்ந்த தலைமுறை அரபியையே முதன்மையாகப் பேசுகிறது. மஸாலித் அரிதாகவே ஒலிக்கிறது. கிரெய்தாவில் கூட்டமாகக் குடியேறியவர்களோ மொழியைக் காத்துக்கொண்டனர். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, சொந்த ஊர்களாகச் சேர்ந்து வாழ முடிந்ததா, கூலியாட்களாகப் பிறரோடு கலந்து வாழ நேர்ந்ததா என்பதில் பெரிதும் அடங்கும்.

டார்ஃபூரில் மொழி இழப்பு புதிதல்ல. பிர்கித் மக்கள் தம் நூபிய மொழியையும், பெர்த்தி மக்கள் தம் சஹாரக் கிளை மொழியையும் இழந்து அரபுக்கு மாறினர். மஸாலித்தின் வடக்கு அண்டையரான கிமிர் மக்களும் முன்பு பேசிய மொழியை விட்டு இன்று அரபு பேசுகின்றனர். மஸாலித் அந்த வழியில் போகாமல் நின்றதற்கு அதன் நிலத்தொடர்ச்சியும் சுல்தானகமும் பெருந்துணை.

1980களின் வறட்சி மேய்ச்சல் இனங்களைத் தெற்கே தள்ளியது. வயலுக்கும் மேய்ச்சலுக்கும் இடையிலான சச்சரவு கூர்மையானது. 1995இல் அரசு தார் மஸாலித்தின் ஆட்சியைப் பிரித்து அரபுத் தலைவர்களுக்கு அமீர் பதவிகளை உருவாக்கியது. சுல்தானின் அதிகாரம் சுருங்கியது, நிலவுரிமை கேள்விக்குள்ளானது. 1990களின் பிற்பகுதி முழுவதும் ஊர்கள் எரிந்தன. 2003இல் டார்ஃபூர் போர் வெடித்தபோது அரபு ஆயுதக்குழுக்களான ஜன்ஜவீத் படைகளின் முதன்மை இலக்குகளில் ஃபூர், ஸகாவா மக்களோடு மஸாலித் மக்களும் இருந்தனர். எல்லை கடந்தவர்களுக்காக 2004 முதல் கிழக்குச் சாட்டில் ஃபர்ஷானா, பிரெஜிங், திரெகின் முதலிய முகாம்கள் அமைந்தன.

2005ஆம் ஆண்டின் இடைக்கால அரசியலமைப்பு, சூடானின் பூர்விக மொழிகள் அனைத்தும் தேசிய மொழிகள் என்றும், அவை மதித்து வளர்க்கப்பட வேண்டும் என்றும் அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்த நாளில் மஸாலித் பேசுவோரில் பெருந்திரளானோர் முகாம்களில் இருந்தனர்.

2023 ஏப்ரலில் சூடான் இராணுவத்துக்கும் துணை இராணுவமான அதிவிரைவு ஆதரவுப் படைக்கும் போர் தொடங்கியது. சில நாட்களில் எல் ஜெனீனாவில் அப்படையும் அதன் கூட்டாளிகளான அரபு ஆயுதக்குழுக்களும் மஸாலித் குடியிருப்புகளைத் தாக்கின. ஜூன் 14 அன்று மேற்கு டார்ஃபூர் ஆளுநர் கமீஸ் அப்துல்லா அபகர் கொல்லப்பட்டார், அவரும் மஸாலித். அதன் பின் அத்ரே நோக்கித் தப்பியோடிய மக்கள் வழியெல்லாம் கொல்லப்பட்டனர். நவம்பரில் அர்தமத்தா புறநகரில் மீண்டும் படுகொலை நடந்தது. அந்த ஆண்டு எல் ஜெனீனாவில் 10,000 முதல் 15,000 பேர் வரை கொல்லப்பட்டதாக ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை மதிப்பிட்டது.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு, அதிவிரைவு ஆதரவுப் படையும் அதன் கூட்டாளிகளும் சூடானில் இனப்படுகொலை செய்ததாக அறிவித்தது. மார்ச்சில் சூடான் அரசு, மஸாலித் மக்களுக்கு எதிரான இனப்படுகொலையில் ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் பங்குண்டு எனச் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அமீரகம் குற்றச்சாட்டை மறுத்தது. தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று கூறி மே 5 அன்று நீதிமன்றம் வழக்கைப் பட்டியலிலிருந்து நீக்கியது. குற்றம் நடந்ததா இல்லையா என்ற கேள்விக்குள் அத்தீர்ப்பு போகவில்லை.

மொழியின் இன்றைய நிலை

இன்று மஸாலித் அதிகமாக ஒலிக்கும் இடங்களில் கிழக்குச் சாட்டின் முகாம்களும் சேர்ந்துவிட்டன. பெருங்கூட்டமாக ஒரே இடத்தில் வாழ்வதால் அங்கே குழந்தைகள் மொழியைக் கேட்டே வளர்கின்றனர். அதே முகாம்களில் பள்ளிப் பாடம் வேறு மொழியில், சந்தை அரபியில், நிவாரண நிறுவனங்களின் அலுவல் பெரும்பாலும் பிரெஞ்சில். கார்த்தூம், கெய்ரோ, ஐரோப்பிய நகரங்கள் எனச் சிதறிய குடும்பங்களில் அடுத்த தலைமுறைக்கு மொழி போய்ச் சேர்வது இன்னும் கடினம். வயலோடும் வாதியோடும் விதைப்போடும் அறுவடையோடும் பிறந்த சொற்கள், அவை இல்லாத இடத்தில் முதலில் மறையும். ஊர் வழக்குகளைத் தீர்த்த பெரியோரும், கதை சொல்லிய முதியோரும் கொல்லப்பட்ட இடத்தில் அந்த இழப்பு இருமடங்காகும்.

பல இலட்சம் பேர் பேசும் மொழி உடனே அழிந்துவிடாது. ஆனால் மஸாலித்தின் வரலாறு காட்டும் பாடம் தெளிவானது. தார் மஸாலித்தில் நிலம் கையில் இருந்தபோது, அரபு ஆவணங்களும் பிரெஞ்சுப் படையும் பிரிட்டிஷ் நிர்வாகமும் சூழ்ந்திருந்தும் மொழி தளரவில்லை. கதாரிஃபில் சேர்ந்து வாழும் ஊர் இல்லாதபோது, வாள் எதுவும் ஓங்கப்படாமலே ஓரிரு தலைமுறையில் அது தேய்ந்தது. ஆகவே இம்மொழிக்குச் செய்ய வேண்டியவை இரண்டு. முகாம்களில் இருக்கும் முதியோரின் சொற்களையும் கதைகளையும் ஒலிப்பதிவாகவும் எழுத்தாகவும் இப்போதே சேர்க்க வேண்டும். பள்ளியின் முதல் வகுப்புகளிலேனும் மஸாலித் இடம்பெற வேண்டும். அவற்றினும் அடிப்படையானது, விரட்டப்பட்டவர்கள் தம் வயல்களுக்கு அச்சமின்றித் திரும்பும் உரிமை. அந்த உரிமை கிடைக்கும் வரை மற்ற முயற்சிகள் எல்லாம் காலம் கடத்த உதவும் ஏற்பாடுகளே.

(அடுத்த பகுதி: வடாய் சுல்தானகத்தின் மொழியான மபா)